பாலை வற்ற வைத்த கிருமி

உங்கள் வீட்டில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? அவருக்குச் சர்க்கரை வியாதியும் உண்டா? அப்படியானால், நேயர்களே, இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்கு ஓடிவிடாதீர்கள். கதாநாயகி அடுத்த பக்கத்தில் காத்துக் கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. தாத்தாவின் காலில் தெரிகிற சிவப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது.

என்ன சிவப்பு என்கிறீர்களா? ஒரு காட்சியைச் சொல்கிறேன். இது எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. உங்கள் வீடாகவே நினைத்துக் கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. தாத்தா சாய்வு நாற்காலியில் போர்வையைப் போர்த்திக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பல் கிட்டுகிற மாதிரி குளிர். பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், கொதிக்கிறது. மருமகள் வந்து, "மாமா, டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாமே!" என்கிறாள்.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை அம்மா. காற்று மாறியிருக்கிறது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு, காலையில் சரியாகப் போய்விடும்" என்கிறார் தாத்தா.

வலது கணுக்காலுக்குக் கீழே லேசாகச் சிவந்திருக்கிறது. "செருப்புக் கடித்திருக்கும்" என்று தீர்ப்பு ஆகிவிடுகிறது. போன மழையில் பேரனுக்கு வாங்கின மாத்திரையில் நாலு மிச்சம் இருக்கிறது. அதில் இரண்டு தாத்தாவின் வாய்க்குள் போகிறது.

திங்கட்கிழமை விடிகிறது. சிவப்பு முழங்காலை நெருங்கிவிட்டது. காப்பி கொண்டு வந்த பேரனைத் தாத்தா, என்றோ காலமாகிவிட்ட தம் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைகிறது. வண்டி வருகிறது, ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

இப்படி ஒரே ராத்திரியில் ஆளைக் கவிழ்க்கிற கிருமிகள் பல உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். 'பி' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று அதற்குப் பெயர். பெயர்தான் நீளம், ஆசாமி மகா சிறியவன். பூதக் கண்ணாடியில் பார்த்தால் மணிகளைக் கோத்த மாலை மாதிரி வரிசையாக இருப்பான். கிரேக்க மொழியிலிருந்து எடுத்த அந்தப் பெயருக்கும் ஏறக்குறைய அதுதான் பொருள்.

இந்தக் கிருமியை முதலில் கண்டு கொண்டவர்கள் மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் அல்ல, மாட்டு வைத்தியர்கள்! மாடு வளர்க்கிறவர்களுக்கு மடிநோய் தெரியும். மடி வீங்கிக் கல்லாகும். பால் திரிந்து வரும். பிறகு வற்றியே போய்விடும். பிரான்ஸ் தேசத்தில் நோக்கார், மொல்லெரோ என்ற இருவர் 1887-ஆம் ஆண்டில், மாட்டுக்கு மாடு தொற்றுகிற ஒரு மடிநோய்க்கு இந்தக் கிருமியே காரணம் என்று எழுதினார்கள். அதனால்தான் இதன் சாஸ்திரப் பெயரில் 'அகலாக்டியே' என்று ஒரு வால் இருக்கிறது. 'பால் இல்லாமல் செய்வது' என்று அர்த்தம்.

பிறகு 1933-ல் நியூயார்க்கில், ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில், ரெபெக்கா லான்ஸ்பீல்ட் என்ற பெண்மணி இந்த மணிமாலைக் கிருமிகளை எல்லாம் ஜாதி பிரித்தார். தொண்டைப் புண்ணையும், அதைத் தொடர்ந்து வருகிற மூட்டுக் காய்ச்சலையும் உண்டாக்குவது 'ஏ' பிரிவு. மாட்டு மடியில் இருந்தது 'பி' பிரிவு. சரி, மாட்டோடு போயிற்று என்று இருந்தார்கள். 1938-ல் லண்டனிலிருந்து பிரை என்ற டாக்டர் ஒரு செய்தி வெளியிட்டார். பிரசவமான மூன்று பெண்கள் இதே 'பி' பிரிவுக் கிருமியால் இறந்து போயிருந்தார்கள்.

அதற்கப்புறம் பிரசவ வார்டிலும், பிறந்த குழந்தையின் தொட்டிலிலும் இந்தக் கிருமி செய்த அட்டகாசத்தை உலகம் கவனிக்க ஆரம்பித்தது. 1996-ல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வகுத்தார்கள். கிருமி இருக்கிற தாய்மார்களுக்குப் பிரசவ வலியின் போதே ஊசி மூலம் மருந்து கொடுத்துவிடுவது என்பது அது. அதனால் பிறந்த முதல் வாரத்தில் குழந்தைகளைத் தாக்குகிற நோய் அந்த நாட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் குறைந்து போயிற்று. நல்ல வெற்றிதான். ஆனால் இதனால் ஓர் எண்ணமும் வேரூன்றிவிட்டது. "இது தாய்க்கும் சேய்க்கும் வருகிற வியாதி, மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம்" என்பதே அந்த எண்ணம்.

அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். தொட்டிலை விட்டு விரட்டப்பட்ட திருடன் தாத்தாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறான்!

அமெரிக்காவில் சில மாநிலங்களில் கணக்கு எடுத்தார்கள். கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்களில், ரத்தம் போன்ற இடங்களுக்குள் புகுந்து தாக்கும் கடுமையான 'பி' பிரிவு நோய், 2008-ஆம் ஆண்டில் லட்சம் பேருக்கு 8.1 என்று இருந்தது, 2016-ல் 10.9 ஆக ஏறிவிட்டது. 2016-ல் மட்டும் அந்த நாடு முழுவதிலும் சுமார் 27,700 பேருக்கு வந்திருக்கும் என்றும், அவர்களில் 1,500 பேருக்குமேல் இறந்திருப்பார்கள் என்றும் மதிப்பிட்டார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதிக்காரர்கள். பாதிப் பேருக்கு மேல் மிதமிஞ்சிய உடல் பருமன் உள்ளவர்கள். வேறு எந்த வியாதியும் இல்லாமல் இது வந்தவர்கள் மிகச் சிலரே.

"அமெரிக்காவில் ஏறினால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று வெளியாயிற்று. நம் நாட்டில் சுமார் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது சொல்கிறது. திருடனுக்கு எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்தால், நம் தெருவில்தான் வரிசையாகத் திறந்து கிடக்கிறது!

இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதே இல்லை. ஆரோக்கியமான எத்தனையோ பேருடைய குடலிலும், பெண்களின் பிறப்புறுப்புப் பாதையிலும், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல் வசிக்கிறது. அதற்காகச் சந்தேகப்பட்டு வைத்தியம் செய்து கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஒரு சுவர் இடிந்தால்தான் வம்பு.

எது சுவர்? நம் தோல்தான். குதிகாலில் பித்தவெடிப்பு, விரல் இடுக்கில் சேற்றுப்புண், கால் ஆணியை பிளேடால் சீவின காயம், நாள்பட்டுப் படுத்திருப்பவருக்கு முதுகில் வருகிற படுக்கைப் புண், இவை எல்லாம் இடிந்த சுவர்கள். சிறுநீர்ப் பாதையும் ஒரு கொல்லைப்புற வாசல்.

சர்க்கரை வியாதிக்காரருக்கு ஏன் இது விசேஷமாக வருகிறது? நாள்பட்ட சர்க்கரையினால் காலின் நரம்புகள் மரத்துப் போகின்றன. முள் குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டம் குறைகிறது. கிருமிகளைப் பிடித்துத் தின்ன வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தப்பட்டுப் போகின்றன. மணி அடிக்கவில்லை, ரோந்து இல்லை, காவல்காரரும் தூங்குகிறார்! ஈரல் கெட்டவர்கள், சிறுநீரக வியாதி உள்ளவர்கள், புற்றுநோய் வைத்தியம் நடக்கிறவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், வயோதிகர்கள் ஆகியோருக்கும் இந்த அபாயம் உண்டு.

கிருமியிடமும் ஒரு தந்திரம் இருக்கிறது. அது தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான ஓர் உறை போட்டுக் கொள்கிறது. அதில் சயாலிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. நம் உடம்பின் அணுக்களின் மேலும் அதே பொருள் உண்டு. வீட்டு எஜமானரின் மேல்துண்டைப் போட்டுக் கொண்டு திருடன் நடந்தால், நாய் எப்படிக் குரைக்கும்?

உள்ளே புகுந்த பிறகு அது எங்கே போய்த் தங்கும் என்று சொல்ல முடியாது. தோலிலும் அதன் கீழேயும் சீழ் வைக்கும். எலும்பையும் மூட்டையும் அரிக்கும். நுரையீரலில் கபவாத ஜுரத்தை உண்டாக்கும். இருதய வால்வில் ஒட்டிக் கொள்ளும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வை வீங்க வைக்கும். சில சமயம் எங்கே தங்கியிருக்கிறது என்றே தெரியாமல், ரத்தத்தில் மட்டும் அகப்படும்.

இதுவரை நான் சொன்னது, உள்ளே இருக்கிற கிருமி வெளுத்து வாங்குகிற கதை. வெளியிலிருந்து, அதுவும் சாப்பாட்டுத் தட்டின் வழியாக வந்த விபரீதக் கதை ஒன்றும் உண்டு. அது நடந்தது நம்மவர்கள் ஏராளமாக வாழ்கிற சிங்கப்பூரில்.

2015-ஆம் ஆண்டு. அங்கே இந்தக் கிருமி நோய் வழக்கமாக வருஷத்துக்குச் சுமார் 150 பேருக்குத்தான் வருவது. அந்த வருஷம் பாதி தாண்டுவதற்குள்ளேயே இருநூறுக்கு மேல் போய்விட்டது. வந்தவர்களில் பலர் கிழவர்கள் அல்ல. சர்க்கரை வியாதிக்காரர்களும் அல்ல. நல்ல திடகாத்திரமானவர்கள் மூளைச் சவ்வு வீங்கியும், மூட்டு வீங்கியும் வந்து படுத்தார்கள். டாக்டர்கள் துப்பறியும் கதையில் வருகிற மாதிரி விசாரணையில் இறங்கினார்கள். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள்.

விடை கிடைத்தது. அங்கே சீனர் உணவுக் கடைகளில் கஞ்சியோடு பச்சை மீனை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, எண்ணெயும் இஞ்சியும் சேர்த்துக் கொடுக்கிற ஒரு பதார்த்தம் உண்டு. அதற்குப் பயன்பட்டவை குளத்து மீன்கள்: பெருந்தலைக் கெண்டையும், நம் விரால் இனத்தைச் சேர்ந்த தோமானும். அந்த மீன்களில் இந்தக் கிருமியின் ஒரு விசேஷ வகை இருந்தது. 283 என்று அதற்கு இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வருஷம் வந்த சுமார் 360 நோயாளிகளில் 150 பேரளவுக்கு அந்த 283-தான் காரணம் என்று தெரிந்தது. ஜூலையில் கடைக்காரர்களுக்கு எச்சரிக்கை போயிற்று. டிசம்பரில், சமைக்காமல் சாப்பிடும் பதார்த்தங்களில் நன்னீர் மீனைப் பயன்படுத்துவதற்கே அரசாங்கம் தடை போட்டுவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் மீன் சட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம்! நம் வீட்டு மீன் குழம்பு கொதிக்கிற கொதியில் இந்தக் கிருமி பிழைக்காது. பச்சையாகச் சாப்பிடுவதில்தான் ஆபத்து. மீன் நறுக்கின கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல், அதிலேயே வெள்ளரிக்காயை நறுக்காதீர்கள். கையில் புண் இருந்தால் மீன் கழுவும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலிருந்து நம் தாத்தாவின் நாற்காலிக்குத் திரும்புவோம். அவர் விஷயத்தில் நடந்த தவறுகள் மூன்று.

முதல் தவறு, காலின் சிவப்பையும் காய்ச்சலையும் தனித்தனியாகப் பார்த்தது. "காய்ச்சல் காற்று மாறினதால், சிவப்புச் செருப்பினால்" என்று இரண்டு கணக்கு எழுதினார்கள். இரண்டும் ஒரே கணக்கு. சர்க்கரை உள்ளவருக்குக் குளிர் நடுக்கத்தோடு ஜுரம் வந்தால், உடனே உடம்பு முழுவதையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: பாதம், விரல் இடுக்கு, முதுகு, தொடை இடுக்கு எல்லாம்.

இரண்டாவது தவறு, மிச்ச மாத்திரை. இதுதான் பெரிய தவறு. அந்த மாத்திரை நோயைத் தீர்க்கப் போதாது. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்யப் போதும்! ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் புட்டியில் விட்டுக் கிருமி வளருகிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் 'பி' பிரிவா, வேறு யாரா என்று தெரிந்துவிடும். அரைகுறை மருந்து சாப்பிட்டு வந்தவருடைய ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் டாக்டர் இருட்டில் கல் எறிய வேண்டியதுதான். ஆகவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால், ஒளிக்காமல் அதன் அட்டையையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

மூன்றாவது தவறு, "காலையில் பார்க்கலாம்" என்றது. இந்த ஒரு வார்த்தை போக்கடித்த உயிர்களுக்குக் கணக்குக் கிடையாது. நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடாலியால் வெட்டுகிற நிலைக்கு விடலாமா? சில சமயம் அந்தக் கோடாலி நிஜமாகவே ரண வைத்தியரின் மேஜைக்கு வந்துவிடுகிறது. விரலோ, பாதமோ போகிறது.

அதே நாளில் டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்களைச் சொல்கிறேன். கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக் கொண்டாலும் சரி. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல். சிவந்து, சூடாகி, மணிக்கு மணி பரவுகிற வீக்கம். பார்வைக்குச் சிறிதாக இருந்து, வலி மட்டும் பொறுக்க முடியாமல் இருப்பது. ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கி அசைக்க முடியாமல் போவது. கழுத்து விறைப்பு, தலைவலி, பேச்சுத் தடுமாற்றம், ஆளை அடையாளம் தெரியாமை. மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல். காரணம் இல்லாமல் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போவது. இன்னொன்று: கிழவர்களுக்கு இத்தனை விஷம் ஏறினாலும் சில சமயம் காய்ச்சலே வராது. வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவர் திடீரென்று சோர்ந்து படுத்துச் சாப்பாட்டை ஒதுக்கினால், அதையே காய்ச்சலாக எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒரு சின்ன உபாயம். சிவப்பு எதுவரை இருக்கிறதோ, அந்த எல்லையைப் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். டாக்டரிடம் போவதை இதற்காகத் தள்ளிப் போட வேண்டாம். கோடு போட்டுவிட்டே புறப்படுங்கள். டாக்டர் பார்க்கும் போது சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தால், எவ்வளவு வேகம் என்று அவருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

பத்துப் போடுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது இவை வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது; ஒத்தடம் கொடுத்தவர் கையை எடுப்பதற்குள் தோல் வெந்து போயிருக்கும்.

இவ்வளவு பயமுறுத்தின பிறகு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டாமா? சொல்கிறேன். இந்தக் கிருமிக்கு மருந்து இருக்கிறது; அதுவும் புது மருந்து அல்ல. 1928-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் லண்டனில் ஒரு பூஞ்சக்காளானில் கண்டெடுத்தாரே, அதே பழைய பெனிஸிலின்தான்! எத்தனையோ கிருமிகள் பெனிஸிலினைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக் கொண்டுவிட்ட இந்தக் காலத்தில், 'பி' பிரிவு மட்டும் அநேகமாக எங்கும் இன்னும் அதற்குப் பணிந்து போகிறது. பெனிஸிலின் ஒத்துக் கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கிற எரித்ரோமைஸின், கிளிண்டமைஸின் மருந்துகளுக்குத்தான் அது இப்போது முரண்டு பிடிக்கிறது. ஆகவே பெனிஸிலின் உங்களுக்கு ஒத்துக் கொள்ளாது என்றால், முன்பு என்ன ஆயிற்று என்பதை விவரமாகச் சொல்லுங்கள். டாக்டர் அதற்கேற்ற வேறு மருந்தைத் தேர்ந்து கொள்வார்.

ஆனால் ஊசி ஒரு நாளோடு முடியாது. ரத்தத்தில் கிருமி இருந்தால் சுமார் பத்து நாள். மூளைச் சவ்வில் இருந்தால் குறைந்தது இரண்டு வாரம். எலும்பிலோ இருதய வால்விலோ இருந்தால் நாலு வாரமும் அதற்கு மேலும்கூட ஆகும். "ஜுரம் விட்டுவிட்டதே, வீட்டுக்குப் போகலாம்" என்று தாத்தா அடம் பிடிப்பார். விடாதீர்கள். குணமானவர்களில் சிலருக்கு இது திரும்பவும் வருவதுண்டு. சீழ் தங்கியிருந்தால் அதை வெளியேற்றவும் வேண்டும். அதற்கு மருந்து மட்டும் போதாது.

இதற்குப் பொது வழக்கத்தில் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆராய்ச்சி நடந்து கொண்டிருக்கிறது. அதுவரை நம் தடுப்பூசி எது தெரியுமா? ஒரு வாளித் தண்ணீரும், ஒரு துண்டும், இரண்டு கண்களும்தான். தினம் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயாவது தடவ வேண்டும். ஆனால் விரல் இடுக்கில் தடவக் கூடாது. சேற்றுப்புண்ணுக்கு மருந்து போட வேண்டும். கால் ஆணியைத் தாமே சீவிக் கொள்ளக் கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும்தான். சர்க்கரையை அளவில் வைக்க வேண்டும்.

தாத்தாவால் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் கண் தெரியாது. "என் காலை நீ ஏன் தொடுகிறாய்?" என்று கூச்சப்படுவார். பெரியவர்கள் காலைத் தொட்டு நமஸ்காரம் செய்வது நமக்கு வழக்கந்தானே? தொடுகிற போது கொஞ்சம் திருப்பியும் பார்த்துவிட்டால் போயிற்று!

இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள். தாத்தா படுக்கப் போகுமுன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு இரண்டு பாதங்களையும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வெடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, புண் இல்லை என்று ஆனால் நிம்மதி.

அப்புறம் தாராளமாகத் தொடர்கதைக்குப் போகலாம். கதாநாயகி காத்துக் கொண்டுதான் இருக்கிறாள்.